வெளிநாட்டு மொழி, இலக்கியம், மொழியியல்: மேற்படிப்புக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மொழியியலில் எம்.ஏ.வை இந்தியாவில் முடித்து, பிஎச்.டி.க்கு ஜெர்மனி போனவள். ஊருக்கு வரும்போதெல்லாம் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காருகிறவர் தொடங்கி தம்பியின் கல்லூரித் தோழர்கள் வரை கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். தொகைகளும் கடைசித் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த அறிவிப்பை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அக்கா, ஜெர்மன் பி2 முடித்துவிட்டேன். அடுத்தது எம்.ஏ. ஜெர்மன்தானே?

அது அடுத்த படி இல்லை, வேறு ஏணி. ஏ1-இல் தொடங்கி சி2-இல் முடிகிற ஏணி, உங்களால் அந்த மொழியில் எவ்வளவு பேச, படிக்க, எழுத முடியும் என்பதை அளக்கிறது. ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போகிறவர் அதில் ஏறித்தான் ஆக வேண்டும். அவருக்கு எம்.ஏ. தேவையே இல்லை. எம்.ஏ., பிஎச்.டி. என்கிற ஏணியில் ஏறுகிறவருக்கு, மொழி தெரியும் என்பது வாசல்படி மட்டும். உள்ளே போனதும் வேறு வேலை.

தமிழ் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதற்காக எம்.ஏ. தமிழ் வகுப்பில் நாளைக்கே போய் உட்கார்ந்து ஒரு அகநானூற்றுப் பாட்டுக்கு உரை சொல்லிவிட முடியுமா? அதே கதைதான்.

நன்றாகப் பேச வேண்டும், வேலை வாங்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் ஜெர்மனுக்கு மேக்ஸ் முல்லர் பவன், பிரெஞ்சுக்கு அலையன்ஸ் பிரான்சேஸ் என்று மொழிப்பள்ளிகள் இருக்கின்றன, அங்கே சி1 வரை படியுங்கள். இரண்டு வருடமும் மிச்சம், மனக்கசப்பும் மிச்சம். நிஜமாகவே சொல்கிறேன், எம்.ஏ.வில் சேர்ந்து பாதியில் நின்றவர்களில் நான் பார்த்த பலர் இந்த இரண்டு ஏணியையும் ஒன்றென்று நினைத்து வந்தவர்கள்.

அப்படி எம்.ஏ. இலக்கியத்தில் என்னதான் படிப்பார்கள்?

என் துறை மொழியியல் என்றாலும் ஒரு பருவம் இலக்கிய வகுப்பில் உட்கார்ந்தேன். முதல் நாள் பதினான்கு வரிக் கவிதை ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு சொல்லுக்குக்கூட அகராதி தேவைப்படவில்லை. எனக்கு ஒரே பெருமை. பேராசிரியை கேட்ட முதல் கேள்வி: 'ஒன்பதாவது வரியில் வாக்கியம் ஏன் வரியின் நடுவில் முடிகிறது?' அந்த ஒரு கேள்வியில் இருபது நிமிடம் போயிற்று. இரண்டு மணி நேர வகுப்பு முடியும்போது ஒன்பதாவது வரியைத் தாண்டவில்லை. கவிதையில் எல்லாச் சொல்லும் தெரிந்தும் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை.

அதுதான் படிப்பு. அதோடு, ஜெர்மன் இலக்கியம் என்றால் 1200 வாக்கில் எழுதப்பட்ட பழைய ஜெர்மனையும் கொஞ்சம் படிக்க வேண்டிவரும். இன்றைய ஜெர்மானியர்களுக்கே அது அகராதி வைத்துப் படிக்கிற சமாசாரம். பிரெஞ்சுத் துறைகளில் பழைய பிரெஞ்சு அப்படி. அப்புறம் இலக்கியக் கோட்பாடு, ஒரு நூலின் வெவ்வேறு பதிப்புகளை ஒப்பிடுவது, வாரத்துக்கு ஒரு நாவல் என்கிற வேகம். கடைசியில் ஆய்வேடு. ஜெர்மனியில் அது பெரும்பாலும் 60 முதல் 80 பக்கம் இருக்கும், அந்த மொழியிலேயே எழுத வேண்டும்.

மொழியியல் படிக்க எத்தனை மொழி தெரிந்திருக்க வேண்டும்?

எல்லோரும் கேட்பது இதைத்தான். 'மொழியியலா? அப்போ உங்களுக்கு எத்தனை மொழி தெரியும்?' டாக்டரிடம் 'உங்களுக்கு எத்தனை வியாதி உண்டு?' என்று கேட்கிற மாதிரி.

ஒரு மொழி போதும். அந்த மொழியை வேடிக்கை பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எப்படி என்று ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன்.

'எனக்குக் குளிருது' என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் கோல்ட்'. அங்கே குளிர்கிற ஆள் எழுவாய். ஜெர்மனில் 'மிர் இஸ்ட் கால்ட்'. 'மிர்' என்றால் 'எனக்கு'. அப்படியே நம் கட்டமைப்பு! ஆனால் நாம் ஜெர்மனை ஆங்கிலம் வழியாகப் படிப்பதால், 'இஹ் பின் கால்ட்' என்று ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து வைத்து, 'நான் ஈரமில்லாத நெஞ்சுக்காரன்' என்று எதிரில் இருப்பவரிடம் அறிவித்துவிட்டு நிற்போம். நான் நின்றிருக்கிறேன், நவம்பர் மாதப் பேருந்து நிறுத்தத்தில்.

சரி, இனிமேல்தான் விஷயமே. 'எனக்கு இந்த வீடு பிடிக்கும்' என்பதை ஜெர்மனில் 'மிர் கெஃபெல்ட் தாஸ் ஹவுஸ்' என்பார்கள். இங்கேயும் 'எனக்கு' வந்துவிட்டது. ஆனால் வீடு ஒன்றுக்குப் பதில் இரண்டு வீடு என்றால் ஜெர்மனில் வினை பன்மைக்கு மாறிவிடும். அதாவது அங்கே எழுவாய் வீடுதான். தமிழில்? 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்று பாருங்கள். 'எனக்கு' நான்காம் வேற்றுமை. 'உன்னை' இரண்டாம் வேற்றுமை. வினையோ 'பிடிக்கும்', 'பிடித்தது'. இறந்தகாலத்தில் பாருங்கள், அது 'என்' பக்கமும் சாயவில்லை, 'உன்' பக்கமும் சாயவில்லை. அஃறிணை ஒருமையில் தனியாக நிற்கிறது. அப்படியானால் இந்த வாக்கியத்தின் எழுவாய் எங்கே?

இன்னொன்று வைத்துப் பாருங்கள். 'குமாருக்குத் தன் வீட்டைப் பிடிக்கும்.' இதில் 'தன்' யாருடையது? குமாருடையது. 'தன்' என்கிற சொல் பொதுவாக எழுவாயைத்தான் திரும்பிப் பார்க்கும். ஆக, தலையில் 'கு' உருபைச் சுமந்துகொண்டே குமார் எழுவாய் மாதிரி நடந்துகொள்கிறான். இதை டேட்டிவ் சப்ஜெக்ட், அதாவது நான்காம் வேற்றுமை எழுவாய், என்பார்கள். தெற்காசிய மொழிகள் பலவற்றில் இருக்கிறது, அதன் மேல் பல பத்தாண்டுகளாக ஆய்வு நடக்கிறது, இன்னும் சண்டை ஓயவில்லை.

இதைப் படிக்கும்போது 'அட!' என்று ஒரு நொடி நின்றீர்கள் என்றால் மொழியியல் உங்களுக்கு ஒத்துவரும். 'இதனால் என்ன பிரயோசனம்?' என்று தோன்றியிருந்தால் அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியோடு இரண்டு வருடம் ஒரு வகுப்பறையில் உட்காருவது கஷ்டம்.

நான் பி.இ. படித்தவன். வரலாமா?

இந்தியாவில் வரலாம். மொழியியல் எம்.ஏ.வுக்குப் பல பல்கலைக்கழகங்களில் எந்த இளங்கலைப் பட்டமும் போதும். என் வகுப்பிலேயே எஞ்சினியரிங் முடித்தவர் இருவர், கணிதம் முடித்தவர் ஒருவர். வாக்கிய அமைப்பை ஆராய்கிற தொடரியலில் மரக்கிளை மாதிரிப் படம் போட ஆரம்பித்ததும் அவர்கள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஜெர்மனியில் அப்படி இல்லை. இளங்கலையில் மொழியியல் பாடங்கள் இத்தனை கிரெடிட் எடுத்திருக்க வேண்டும் என்று பெரும்பாலும் விதி வைத்திருப்பார்கள். நேராக விண்ணப்பித்தால் தள்ளிவிடுவார்கள். இங்கே ஒரு எம்.ஏ. முடித்துவிட்டுப் போவது சுற்றுவழிபோலத் தெரியும், ஆனால் அதுதான் குறுக்குவழி. கணினி அறிவியல் படித்தவர் என்றால் கணினி மொழியியல் பக்கம் பாருங்கள். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் அதற்கென்றே ஆய்வுப் பட்டங்கள் உண்டு.

வெளிநாட்டு இலக்கியம் மட்டும் அவ்வளவு எளிதாகக் கதவு திறக்காது. அந்த மொழியில் பி.ஏ. அல்லது அதற்கு இணையான தேர்ச்சி கேட்பார்கள்.

இந்தியாவில் எங்கே படிப்பது?

வெளிநாட்டு மொழிகளுக்கு என் முதல் பதில் இரண்டு. ஒன்று ஹைதராபாத்தில் உள்ள இஃப்லு, அதாவது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். 1958-இல் ஆங்கில ஆசிரியர்களுக்கான நிறுவனமாகத் தொடங்கி, 1972-இல் பிற மொழிகளையும் சேர்த்துக்கொண்டு, 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது. இன்னொன்று டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், அதாவது ஜே.என்.யு. பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ரஷ்யன், சீனம், ஜப்பான், கொரியன், அரபு, பாரசீகம் என்று ஒரே கட்டடத்தில் உலகமே இருக்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் நல்ல துறைகள் உண்டு. கட்டணம் பற்றிக் கேட்பீர்கள்: ஜே.என்.யு.வின் வருடக் கல்விக் கட்டணம் நம் ஊர் எஞ்சினியரிங் கல்லூரி வசூலிக்கிற பஸ் கட்டணத்தின் பக்கத்தில்கூட வராது. சாப்பாட்டுக்கும் விடுதிக்கும்தான் செலவு.

பிரெஞ்சு என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்து இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூறு வாங்கிய தலைமுறை ஒன்று நம் ஊரில் உண்டு. அந்தப் பிரெஞ்சை நம்பி எம்.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் போகாதீர்கள்.

மொழியியலுக்கு ஜே.என்.யு., டெல்லி, ஹைதராபாத் பல்கலைக்கழகம், புனே டெக்கான் கல்லூரி. தமிழ்நாட்டில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1960-களிலேயே யு.ஜி.சி. அதை மொழியியலுக்கான உயராய்வு மையமாக ஆக்கியது. திராவிட மொழிகளில், குறிப்பாகப் பழங்குடி மொழிகளில், இலக்கணம் எழுதிக் குவித்த இடம் அது. கோவை பாரதியாரிலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் துறைகள் உண்டு. மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தை எட்டிப்பார்க்காமல் விடாதீர்கள். பட்டத்துக்காக இல்லை, நூலகத்துக்காக.

மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு இப்போது கியூட்-பி.ஜி. என்கிற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

ஜெர்மனியில் படிப்பு இலவசமாமே?

கல்விக் கட்டணம் இல்லை என்பது பெரும்பாலும் சரி. அரசுப் பல்கலைக்கழகங்களில் பருவத்துக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை மட்டும் கட்டினால் போதும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே வந்துவிடும். பெரிய விதிவிலக்கு, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம். ஹைடெல்பெர்க், டூபிங்கன், ஃபிரைபுர்க் எல்லாம் அங்கேதான். 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள்.

ஆனால் இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பிளாக்டு அக்கவுன்ட் ஒளிந்திருக்கிறது. ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முன்னாலேயே ஒரு கணக்கில் போட்டுப் பூட்டிக் காட்டினால்தான் விசா. 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக ஏறியது. மாதம் 992 யூரோவாக நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பணம்தான், செலவு இல்லை. ஆனால் பத்து லட்ச ரூபாய்க்கு மேல் ஒரே நேரத்தில் புரட்ட வேண்டும். அப்பாவின் பி.எஃப். பணத்தில் கை வைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம். உங்கள் மார்க் ஷீட்டெல்லாம் நிஜம்தானா என்று பார்த்துச் சொல்கிற அலுவலகம் டெல்லியில் இருக்கிறது. கட்டணம் 18,000 ரூபாய். இதை வாங்காமல் விசாவுக்குப் போக முடியாது. ஆகவே முதல் வேலையாக இதற்கு விண்ணப்பியுங்கள். குளிர்காலப் பருவத்துக்குப் பல பல்கலைக்கழகங்களின் கடைசித் தேதி ஜூலை 15.

மொழித் தேர்ச்சி: ஜெர்மானியத் துறை என்றால் பெரும்பாலும் டி.எஸ்.ஹெச். என்கிற ஜெர்மன் மொழித் தேர்வில் 2-ஆம் நிலை, அல்லது டெஸ்ட்டாஃப் என்கிற இன்னொரு தேர்வில் நான்கு பகுதியிலும் 4. மொழியியலில் ஆங்கில வழிப் படிப்புகளும் இருக்கின்றன. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், வாடகை வீட்டு ஓனர் ஜெர்மனில்தான் திட்டுவார்.

கன்சல்டன்சிக்காரர்கள் இந்தத் துறைக்கு உதவ மாட்டார்கள் என்பது என் அனுபவம். அவர்களிடம் உள்ள பட்டியலில் ஆட்டோமொபைலும் டேட்டா சயின்ஸும்தான் இருக்கும். நீங்களே செய்துகொள்ளலாம்.

பிரான்ஸ்? ஜப்பான்?

பிரான்ஸில் 2019 முதல் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்குக் கட்டணத்தை ஏற்றி, முதுகலைக்கு ஆண்டுக்கு 3,770 யூரோ என்று வைத்தார்கள். பிறகு சற்றுக் கூடியிருக்கிறது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் அதில் விலக்கு தருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். விண்ணப்பம் கேம்பஸ் பிரான்ஸ் என்கிற பிரெஞ்சு அரசு அமைப்பு வழியாக. பாரிஸில் இனால்கோ என்று ஒரு நிறுவனம், 1795-இல் தொடங்கியது, கீழைமொழிகளுக்கென்றே இருப்பது. அங்கே தமிழும் சொல்லித் தருகிறார்கள்.

ஜப்பானுக்கு மெக்ஸ்ட் என்கிற அந்த நாட்டு அரசின் உதவித்தொகை இருக்கிறது. முதுகலை மாணவருக்கு மாதம் ஏறத்தாழ 1,44,000 யென், கட்டணமும் கிடையாது. தூதரகம் வழியாக விண்ணப்பம், போட்டி கடுமை. ஜப்பானிய இலக்கியம் படிக்க, ஜே.எல்.பி.டி. என்கிற ஜப்பானிய மொழித் தேர்வின் உச்ச நிலையான என்1 பக்கம் இருந்தால்தான் மூச்சு விட முடியும். சென்னையில் இதற்கு ஏ.பி.கே. என்கிற ஜப்பானிய மொழிப் பள்ளிக்குப் போகாத மாணவர் அபூர்வம்.

அமெரிக்கா?

எம்.ஏ.வுக்குப் பெரும்பாலும் கைக்காசு. பிஎச்.டி. என்றால் நேர்மாறு: நல்ல மொழியியல் துறைகள் ஐந்து வருடம் கட்டணத்தையும் விட்டுக்கொடுத்து, உதவித்தொகையும் தரும், பதிலுக்கு நீங்கள் இளங்கலை வகுப்புக்குத் துணை ஆசிரியராக இருக்க வேண்டும். ஆகவே கடன் வாங்கி எம்.ஏ.வுக்குப் போவதைவிட, இங்கே எம்.ஏ. முடித்துவிட்டு நேராகப் பிஎச்.டி.க்குப் போடுங்கள். நம் மூன்று வருட பி.ஏ.வை மட்டும் வைத்து ஏற்காத பல்கலைக்கழகங்களும் உண்டு, எம்.ஏ. இருந்தால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. கடைசித் தேதிகள் டிசம்பரில் குவியும். பிஎச்.டி. நடுவில் இன்னொரு ஆய்வு மொழியில் படித்துப் புரிந்துகொள்ளும் தேர்வு வைக்கிற துறைகளும் இருக்கின்றன. பிரெஞ்சோ ஜெர்மனோ தெரிந்தவர் அங்கே ஜெயித்தார்.

உதவித்தொகை, கடன்?

கல்விக் கடன் 7.5 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் தர விதி இருக்கிறது. ஆனால் 'எம்.ஏ. லிங்விஸ்டிக்ஸ்' என்று சொன்னதும் வங்கி மேனேஜர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். சேர்க்கைக் கடிதத்தோடு, படித்து முடித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்ற பட்டியலையும் கொண்டுபோங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் உண்டு. ஆனால் 2022-இல் அதில் ஒரு விதி புகுந்தது: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்குத் தர மாட்டோம் என்று. 'இந்தியாவைப் பற்றிப் படிக்க எதற்கு வெளிநாடு' என்பது வாதம். எனக்கு அது உடன்பாடில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன். ஆனால் தமிழ் சார்ந்த தலைப்போடு விண்ணப்பிக்கிறவர்கள் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

வெளிநாட்டுக்குப் போய்த் தமிழையா படிப்பது?

ஏ.கே. ராமானுஜன் மைசூரில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பல வருடம் ஆங்கில இலக்கிய ஆசிரியர். முப்பது வயது நெருங்கும்போது புனே டெக்கான் கல்லூரியில் மொழியியல் பட்டயம் படித்தார். பிறகு அமெரிக்கா போய் இந்தியானா பல்கலைக்கழகத்தில் 1963-இல் பிஎச்.டி. வாங்கினார். ஆய்வு எதைப் பற்றி? தமிழ் இலக்கணத்தைப் பற்றி. அதற்கு முந்தின வருடம், சிகாகோவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சனிக்கிழமை பழந்தமிழுக்கு ஓர் அடிப்படை இலக்கணம் தேடி ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்துக்குப் போனார். அங்கே கையில் அகப்பட்டது உ.வே.சா. 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை. அவர் மொழிபெயர்த்த சங்கப் பாடல்களை இன்று உலகம் படிப்பது அந்தச் சனிக்கிழமையால்தான்.

எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. எமனோ என்கிற வெளிநாட்டு மொழியியலாளர் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்து, நீலகிரியில் தோடர்களோடும் கோத்தர்களோடும் உட்கார்ந்து அவர்கள் மொழிகளை எழுதினார். பிறகு பெர்க்லியில் மொழியியல் துறையைத் தொடங்கிவைத்தவர் அவர்தான். 1961-இல் பர்ரோ என்கிற இன்னொரு மொழியறிஞரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியை இன்றும் தினம் புரட்டுகிறோம்.

ஆக, உங்கள் தமிழ் உங்களுக்குச் சுமை இல்லை, சீதனம். நேர்காணலில் ஆங்கிலத்தில் திக்கினாலும் பரவாயில்லை. 'குமாருக்குத் தன் வீட்டைப் பிடிக்கும்' மாதிரி நாலு வாக்கியம் உங்கள் சட்டைப்பையில் இருந்தால் பேராசிரியர்கள் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள்.

எஸ்.ஓ.பி. எப்படி எழுதுவது?

எஸ்.ஓ.பி. என்றால் ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தருகிற கடிதம். என்னிடம் வந்தவற்றில் பத்துக்கு எட்டு இப்படித்தான் தொடங்கும்: 'சிறு வயதிலிருந்தே மொழிகள் மீது எனக்குத் தீராத ஆர்வம்.' அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, மிச்சத்தை எனக்கு அனுப்புங்கள் என்பேன். சில சமயம் மிச்சமே இருக்காது.

என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. மாற்றியது என் விடுதித் தோழி. அவள் யாழ்ப்பாணத்துக்காரி. அவள் 'காற்று' என்று சொன்னால் நடுவில் கேட்பது எங்கள் வீட்டுப் பேச்சில் வரும் 'காத்து' இல்லை; பள்ளிக்கூடத்தில் வாசிக்கும்போது வரும் 'ட்ர்' ஒலியும் இல்லை. பல்லுக்குச் சற்று மேலே ஈறில் நாக்கு நுனி ஒட்டிப் பிரிகிற ஒலி. மலையாளிகள் சொல்வதுபோல. 'பத்து, பட்டு, பற்று' மூன்றையும் அவளை மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லி போனில் பதிந்தேன். பிராட் என்று ஒரு இலவச மென்பொருள், ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் எழுதியது. அதில் ஒலியைப் போட்டால் படமாகக் காட்டும். மூன்று சொல்லும் மூன்று விதமாகத் தெரிந்தன. என் குரலில் அதே மூன்றையும் போட்டேன். 'பற்று'க்கு நடுவே ஒரு ரகரத் துடிப்பு நுழைந்திருந்தது.

அந்தப் படத்திலிருந்துதான் என் எஸ்.ஓ.பி. தொடங்கியது. எனக்கு ஆர்வம் உண்டு என்று அதற்குப் பிறகு எங்கேயும் எழுதவில்லை. அப்புறம் ஒரு பத்தி: இதற்கு ஏன் உங்கள் துறை, அங்கே யார் இந்த மாதிரி ஒலிகளை அளக்கிறார்கள். இலக்கியம் படிக்கிறவர்களும் இதையே செய்யலாம்: ஒரு நூல், அதில் உங்களை உறுத்துகிற ஓர் இடம், அது ஏன் உறுத்துகிறது.

பேராசிரியருக்கு மெயில் போட்டால் பதிலே வரவில்லையே?

'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி நாற்பது பேருக்கு ஒரே மெயில் அனுப்பியிருப்பீர்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் ஒரு கேள்வியோடு எட்டு வரி எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். மூன்றாவது முறை வேண்டாம்.

நெட் எழுதியே ஆக வேண்டுமா?

நெட் என்பது யு.ஜி.சி.யின் தேசியத் தகுதித் தேர்வு. இந்தியாவில் பிஎச்.டி., கல்லூரி ஆசிரியர் வேலை என்றால் பெரும்பாலும் ஆம். மொழியியலுக்கும், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ரஷ்யன், ஜப்பான் போன்ற மொழிகளுக்கும் யு.ஜி.சி. நெட்டில் தனித் தாள் உண்டு. மூன்று மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை. அதில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டில் வாயடைக்க அதைவிட நல்ல மருந்து இல்லை. எம்.ஃபில். யோசிக்காதீர்கள், 2022 விதிகளோடு அதற்கு மூடுவிழா நடந்துவிட்டது.

வேலை கிடைக்குமா?

மொழிக்கு ஒரு பதில், மொழியியலுக்கு ஒரு பதில்.

ஜெர்மன், ஜப்பான் தெரிந்தவர்களுக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் நிறுவனங்களில் வேலை இருக்கிறது. ஆனால் அவர்கள் பார்ப்பது சி1, என்2 சான்றிதழை, எம்.ஏ.வை இல்லை. எம்.ஏ. தேவைப்படுவது கற்பிக்கிற வேலைக்கு. பிரெஞ்சு ஆசிரியருக்குப் பள்ளிகளில் எப்போதும் தேவை உண்டு, சம்பளம்தான் பள்ளிக்குப் பள்ளி மாறும். கல்லூரி நிரந்தர வேலைக்குக் காத்திருப்பு நீளம். அதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

மொழியியல்காரர்கள் போவது பேச்சு, மொழித் தொழில்நுட்பம், அகராதி, பாடநூல் தயாரிப்பு, பேச்சுக் குறைபாடு சார்ந்த ஆய்வு ஆகிய பக்கங்களுக்கு. புரோகிராமிங் கொஞ்சம் தெரிந்தால் கதவுகள் அதிகம். எம்.ஏ.வின் முதல் விடுமுறையிலேயே பைதான் படியுங்கள். அதைத் தள்ளிப்போட்டதற்கு நான் இன்னும் வருந்துகிறேன்.

இனி எல்லாவற்றையும் ஏ.ஐ. மொழிபெயர்த்துவிடுமே?

கையேடு, விலைப்பட்டியல் மாதிரி மொழிபெயர்ப்புக்கு முன்புபோல் காசு வராது, அது உண்மை. அதை மட்டும் நம்பி இந்தப் படிப்புக்கு வராதீர்கள். ஆனால் என் பாட்டி திருநெல்வேலிப் பேச்சில் சொன்ன ஒரு கதையை ஒரு கருவியில் போட்டு எழுத்தாக்கச் சொன்னேன். 'அவாள்' எல்லாம் 'அவள்' ஆகி, கதையில் இருந்த மூன்று பேர் ஒரு பெண்ணாகிவிட்டார்கள். எங்கே தப்பியது, ஏன் தப்பியது என்று சொல்ல ஆள் வேண்டும்.

வயது 34. தாமதமா?

ஜே.ஆர்.எஃப்.க்கு வயது வரம்பு உண்டு, பொதுப் பிரிவில் 30. மெக்ஸ்டுக்கு 35-க்குள். மற்றபடி ஜெர்மனியில் என் வகுப்பில் ஐம்பது வயதுத் தாத்தா ஒருவர் படித்தார், அவருக்குத்தான் நோட்ஸ் பிரமாதமாக இருக்கும்.

டிரான்ஸ்கிரிப்ட் எப்போது கேட்க வேண்டும்?

இன்றைக்கு. இதைப் படித்து முடித்ததும்.

எல்லாப் பருவ மதிப்பெண்களையும் ஒன்றாகத் தொகுத்துத் தருகிற சான்றுதான் டிரான்ஸ்கிரிப்ட். நான் படித்த இடத்தின் தேர்வுப் பிரிவில் அதற்குப் பணம் கட்டிவிட்டு மே மாதம் முழுக்கக் காத்திருந்தேன். 'அடுத்த வாரம் வாங்கம்மா' என்பார்கள். ஜூன் கடைசியில் கவர் கைக்கு வந்தது. பிரித்தால், இரண்டாம் பருவ மதிப்பெண்கள் வேறொரு பெண்ணுடையவை. என் பெயரில் முன்னெழுத்து மட்டும் மாறினால் அவள் பெயர். திருத்தி வாங்க இன்னும் ஐந்து வாரம். ஜூலை 15 போய்விட்டது. ஒரு பருவம் வீட்டில் உட்கார்ந்தேன். அந்த ஆறு மாதத்தில் எங்கள் தெருவில் எனக்கு ஏழு வரன் வந்தது.

ஐந்து உறையாவது சீல் வைத்து வாங்குங்கள், கூடவே ஒன்று சீல் இல்லாமல். அந்த இடத்திலேயே, கவுண்ட்டரை விட்டு நகராமல், பெயரையும் பதிவு எண்ணையும் ஒவ்வொரு பருவத்துக்கும் சரிபாருங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.